உடையப்பனுக்கு ஒரு பந்தி

கானாடுகாத்தானில் என் பெரியப்பச்சி உடையப்பனுக்குச் சாப்பாட்டுராமன் என்று பெயர். அது அவருக்கும் தெரியும். கல்யாணம், அறுபதாம் கல்யாணம், காதுகுத்து, கருமாதி, எதுவானாலும் இலை போடுகிற இடத்தில் அவர் இருப்பார். பத்திரிகை வந்தால் போதும். சில சமயம் பத்திரிகை பக்கத்து வீட்டுக்கு வந்திருந்தாலும் போதும்.

ஆனால் அவருடைய இலையை ஒரு முறையாவது பார்த்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள். பாதிச் சோறு அப்படியே இருக்கும். ஊற்றிய பாயசம் வாழையிலையின் நரம்பு பிடித்து ஓரம்வரை ஓடிப் போயிருக்கும். அவருடைய கை இலையில் இருந்ததைவிடக் காற்றில் இருந்த நேரம்தான் அதிகம். வலப்பக்கத்துக்காரரிடம் மழை பற்றிக் கேட்பார். இடப்பக்கத்துக்காரரின் சகலைக்கு நடக்கும் வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று விசாரிப்பார். எதிர்வரிசைக்காரரிடம் ரங்கூன் கதை சொல்ல ஆரம்பிப்பார். பந்தி எழுந்து, இலையை எடுக்க ஆள் வந்து, அந்த ஆளிடமும் மீதிக் கதையைச் சொல்லுவார். அவர் போனது சோற்றுக்காக அல்ல, பக்கத்தில் இரண்டு ஆள் உட்கார்ந்திருப்பார்கள் என்பதற்காக. இதை ஊரார் கண்டுபிடிக்கவில்லை என்று ஊராரைக் குறை சொல்ல முடியாது. ஒருவன் விருந்துக்கு வருவது பேசத்தான் என்றால் யார் நம்புவார்கள்?

இந்தப் பழக்கம் அவருக்கு ரங்கூனில் வந்தது. மீசை முளைக்கும் முன்பே கப்பலேறியவர். மொகல் தெருவில் நம் ஆட்களின் கிட்டங்கி ஒன்றில் அவருடைய வாசம். கிட்டங்கி என்றால் நீளமான ஒரு கூடம். கடைக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு பாய், பாய்க்கு ஒரு ஆள். பகலில் அந்தப் பாயில் வட்டித் தொழில், இரவில் அதே பாயில் தூக்கம். ஆனால் அத்தனை கடைக்கும் அடுப்பு ஒன்றுதான். ஒரு சமையல்காரர் ஒரே அண்டாவில் குழம்பு வைப்பார். பகலெல்லாம் தொழிலில் ஒருவரையொருவர் கவிழ்க்கப் பார்த்தவர்கள் ராத்திரியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து அந்தக் குழம்பைத் திட்டிக்கொண்டே சாப்பிடுவார்கள். சாப்பாடு என்றால் இதுதான் என்று பெரியப்பச்சி நினைத்துவிட்டார். மூன்று வருஷத் தவணைக்கு ஒரு தரம் ஊருக்கு வந்து சில மாதம் இருந்துவிட்டு ஓடியவருக்கு அந்த நினைப்பை மாற்றிக்கொள்ள அவகாசம் கிடைக்கவில்லை. பர்மாவில் வியாபாரம் படுத்த வருஷம் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஒரேயடியாகத் திரும்பி வந்தபோதுதான் தம் வீட்டில் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்பதை அவர் உண்மையாகவே பார்த்தார்.

எங்கள் வகையறாவில் மகனுக்குக் கல்யாணம் முடிந்த கையோடு அவனை வேறு வைத்துவிடுவார்கள். வீடு ஒன்று, வாசல் ஒன்று, கிணறு ஒன்று, சாமியும் ஒன்று. அடுப்பு மட்டும் வேறு. பானை, அகப்பை, அரிசி, விறகு எல்லாம் கொடுத்து, இனிமேல் உங்கள் சோறு உங்கள் பாடு என்று சொல்லிவிடுவார்கள். மாமியார் மருமகள் சண்டைக்கு இதைவிட நல்ல மருந்து பினாங்கிலும் இல்லை, சைகோனிலும் இல்லை. பின்னாளில் இரண்டு ஊரிலும் இருந்து பார்த்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் அண்ணன் தம்பி மூன்று பேர், ஆகவே அடுப்பு மூன்று. மூத்தவர் மெய்யநாதன், அவர் மனைவி சோலையம்மாள் ஆச்சி. நடுவில் உடையப்பன் பெரியப்பச்சி, அவர் மனைவி ஒக்கூர்க்காரரான நீலாயதாட்சி ஆச்சி. கடைசி என் அப்பச்சியும் ஆத்தாவும், அதாவது என்னைப் பெற்றவர்கள். மூன்று அடுப்பும் வீட்டின் பின்பக்கத்து இரண்டாங்கட்டில் ஒரே சுவர் ஓரமாக வரிசையாக இருந்தன. ஒரே கூடையில் வந்த கத்திரிக்காய், ஒரே நேரத்தில், மூன்று சட்டியில் வெந்தது. ஒருத்தி மிளகாய் வறுத்தால் மூவரும் தும்மினார்கள். ஆனால் ஒருத்தி சட்டியில் இன்னொருத்தி கரண்டி விட்டதில்லை. கல்யாணமாகி வந்த நாள் முதல் அப்படியே.

நல்ல நாளில் மட்டும் கிண்ணம் போகும். பொங்கலன்று மூன்று அடுப்பிலும் பலகாய் மண்டிதான். அரிசி கழுவிய தண்ணீரில் புளியைக் கரைத்து, மொச்சையும் பரங்கியும் வாழைக்காயும் கிழங்குமாகப் போட்டு வைப்பது. மூத்த ஆச்சி வைத்த மண்டி என் ஆத்தாவுக்குப் போகும். கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பதால் என் ஆத்தாவின் மண்டி அதே கிண்ணத்தில் திரும்பி வரும். இப்படியே மூன்று பக்கமும். பொழுது சாய்வதற்குள் யாருடைய மண்டி யாரிடம் இருக்கிறது என்று மண்டிக்கே தெரியாது. மற்றவள் வைத்ததைத் தின்று நன்றாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், வந்ததெல்லாம் கழனித் தொட்டிக்குப் போய்விடும். அந்த வீட்டில் மூன்று அடுப்புச் சமையலையும் ருசி பார்த்தது மாடு ஒன்றுதான்.

இந்த வீட்டில்தான் பெரியப்பச்சி தினமும் தனியாக ஓர் இலையின் முன்னால் உட்கார்ந்தார். அண்ணன் எதிர் அறை வாசலில் உட்கார்ந்து சாப்பிடுவார். அவர் அப்பளம் நொறுக்கும் சத்தம்கூடக் கேட்கும். பேச்சு மட்டும் கேட்காது. இரண்டு தரம் இவர் முற்றத்தைத் தாண்டிக் குரல் கொடுத்துப் பார்த்தார், இன்று என்ன குழம்பு என்று. பதிலுக்கு இன்னோர் அப்பளம் நொறுங்கியது. சாப்பிடும்போது பேசினால் ஆயுசு குறையும் என்பது மூத்தவர் கொள்கை. ஆகவே பெரியப்பச்சி தம் ரங்கூன் கதைகளைத் தூணோரம் கரண்டியோடு நிற்கும் நீலாயதாட்சி ஆச்சியிடமே சொன்னார். முக்கியமாக ஒரு கதை. கிட்டங்கிச் சமையல்காரர் ஒரு பிரதோஷத்தன்று, இருட்டில் ஜாடி மாறி, புளி என்று நினைத்து நப்பியைக் கரைத்துக் குழம்பு வைத்துவிட்டார். நப்பி என்பது பர்மாக்காரர்கள் மீனை அழுகவைத்துச் செய்கிற விழுது. விரதம் இருந்த அத்தனை பேரும் மறுசோறு கேட்டு வாங்கி, இப்படி ஒரு குழம்பு ஜன்மத்தில் சாப்பிட்டதில்லை என்றார்களாம். இதை ஆச்சி எத்தனையோ முறை கேட்டாயிற்று. “ம்” என்பார். இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றவா என்பார்.

அந்த மார்கழியில் லண்டனில் வட்டமேஜை மாநாடு நடந்துகொண்டிருந்தது. பேப்பர் வந்ததும் பெரியப்பச்சி உரக்கப் படிப்பார். ராஜாக்களும் வக்கீல்களும் கடல் கடந்து போய் வெள்ளைக்காரனோடு ஒரே மேஜையில் உட்காரும்போது, ஒரு வயிற்றில் பிறந்த மூன்று பேர் ஒரே பந்தியில் உட்கார முடியாதா என்று அவருக்குத் தோன்றிவிட்டது. வருகிற பொங்கலுக்கு ஒரே அடுப்பு, ஒரே பந்தி என்று அண்ணனிடம் போய்ச் சொன்னார்.

மூத்தவர் செருமினார். “அப்பச்சி வேறு வச்சிட்டுப் போனாக. நான் ஒண்ணா வைக்கிறதா இருந்தா அவுகளக் கேட்டுல்ல வைக்கணும்.”

அவர்களுடைய அப்பச்சி காலமாகிப் பல வருஷமாகிவிட்டதால் அதில் கொஞ்சம் சிரமம் இருந்தது.

“ஒரே ஒரு வேளதாண்ணே” என்றார் பெரியப்பச்சி. “பொங்கலன்னைக்கி மத்தியானம். சாயங்காலம் அவுகவுக அடுப்ப அவுகவுக பத்திக்கிறட்டும்.”

தம்பியின் முகத்தைப் பார்த்து மூத்தவருக்கே ஒரு மாதிரி ஆகியிருக்க வேண்டும். முடியாது என்று சொல்லவில்லை. பெண்டுகள் ஒத்துக்கொண்டால் சரி என்றார். ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதில் அவருக்கு அவ்வளவு உறுதி.

எங்கள் வீட்டு மாநாட்டில் மேஜை இல்லை. மற்றபடி லண்டனுக்கு ஒன்றும் குறைவில்லை. சோலையம்மாள் ஆச்சி உப்பைக் கையால்தான் போடுவார், அந்தக் கை மூத்தவள் கையாகத்தான் இருக்க வேண்டும். நீலாயதாட்சி ஆச்சிக்கு ஒக்கூர் முறைப்படி மண்டியில் ஒரு துண்டு வெல்லம் விழ வேண்டும். விழாவிட்டால் அது மண்டியே அல்ல. வெல்லம் போட்டால் அதைப் பாயசத்தோடு சேர்த்துவிடலாமே என்று என் ஆத்தா மெதுவாகக் கேட்டார். பெரியப்பச்சி மூன்று அடுப்புக்கும் நடையாய் நடந்தார். ஒவ்வொரு நடையிலும் ஒன்றை விட்டுக்கொடுத்துவிட்டு வந்தார். கடைசியில் உடன்பாடு ஆனது. நெருப்பு ஒன்று, பானை மூன்று. பந்தி ஒன்று, ஆனால் அவரவர் இலைக்கு அவரவர் வீட்டுக்காரிதான் பரிமாறுவாள், அவள் பானையிலிருந்துதான் பரிமாறுவாள். அரிசி அவரவர் குதிரிலிருந்து. சுயராஜ்யம் கேட்கப் போனவர்கள் ஒரு கமிட்டியை வாங்கிக்கொண்டு வருவதுபோல் பெரியப்பச்சி இதை வாங்கிக்கொண்டு வந்தார். ஆனால் மூன்று இலை பக்கத்தில் பக்கத்தில் விழும். அது போதும் அவருக்கு.

பொங்கலன்று முற்றத்தில் நீளமாக ஓர் அடுப்பை வெட்டி, மூன்று பானையையும் வரிசையாக ஏற்றினார்கள். மூன்றும் ஏறக்குறைய ஒன்றாகப் பொங்கியதால், தன்னுடையதுதான் முதலில் பொங்கியது என்று மூன்று பேருமே அன்று சந்தோஷமாக இருந்தார்கள். பெரியப்பச்சி காலையிலிருந்து ஒரு வாய் காப்பி தவிர எதுவும் தொடவில்லை. வேட்டியை இரண்டு தரம் மாற்றினார். இலை விழுந்ததும் நடு இலையில் உட்கார்ந்தார். இந்தப் பக்கம் அண்ணன், அந்தப் பக்கம் தம்பி. சோறு விழுந்தது, பருப்பு விழுந்தது, அவரவர் மண்டியும் விழுந்தது. முதல் கவளத்தை விழுங்கிவிட்டுத் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

“ரங்கூன்ல ஒரு தடவ, பிரதோஷத்தன்னைக்கி...”

மூத்தவர் இடது கையை உயர்த்திக் காட்டினார். பேசக் கூடாது என்று அர்த்தம்.

பெரியப்பச்சி தம்பி பக்கம் திரும்பினார். என் அப்பச்சி கப்பலிலும் ரயிலிலுமாகப் பாதி ஆயுசைக் கழித்தவர். கப்பல் சங்கு ஊதிவிட்டதுபோலத்தான் எப்போதும் சாப்பிடுவார். அதற்குள் மோருக்குப் போயிருந்தார். பெரியப்பச்சி இன்னும் பருப்பில் இருந்தபோது இரு பக்கமும் இலையை மூடிவிட்டார்கள். பந்தியில் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தால் அது பந்தி ஆகாது. அவரும் மூடினார்.

“நல்லாத்தான் இருந்துச்சு. இப்பத் திருப்திதான?” என்றார் மூத்தவர், கை கழுவிக்கொண்டே. மனதாரத்தான் கேட்டார். பெரியப்பச்சி தலையை ஆட்டினார்.

அடுத்து பெண்களின் முறை. வழக்கமாக அவரவர் அடுப்படியில் அவரவர் உட்கார்ந்து, சட்டியில் இருப்பதைப் போட்டுக்கொண்டு முடித்துவிடுவார்கள். அன்று அடுப்படியில் நெருப்பும் இல்லை, சட்டியும் இல்லை. எல்லாம் முற்றத்தில் இருந்தது. வேறு வழியில்லாமல் மூன்று பேரும் சிறுபிள்ளையான என்னையும் சேர்த்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்தார்கள். முதலில் ஒருவரும் ஒருவர் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு சோலையம்மாள் ஆச்சி, தம் மண்டி தீர்ந்துபோனதாலோ, ஆசையாலோ, நீலாயதாட்சி ஆச்சியின் பானையிலிருந்து ஒரு கரண்டி எடுத்துப் போட்டுக்கொண்டார். வாயில் வைத்தார். இன்னொரு கரண்டி எடுத்தார்.

“ஏண்டி, இத்தன வருசமா இதையவா நீ எனக்குக் கிண்ணத்துல குடுத்து அனுப்புன?”

“ஆமாக்கா.”

“மாடு குடுத்துவச்சதுடி.”

நீலாயதாட்சி ஆச்சிக்கு முதலில் முகம் சுருங்கியது. பிறகு, “ஒங்களதும் அங்குட்டுத்தான் போச்சு” என்றார். என் ஆத்தா புரை ஏறும்வரை சிரித்தார். அதற்குப் பிறகு அந்தப் பந்தியை எழுப்ப யாராலும் முடியவில்லை. மண்டியிலிருந்து பேச்சு மாமியாருக்குப் போனது. மாமியாரிடமிருந்து புருஷன்மார்களுக்கு வந்தது. மூத்தவர் தூக்கத்திலும் செருமுவார் என்பது வெளியானது. நீலாயதாட்சி ஆச்சி தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, தொண்டையைச் சரிசெய்து, “ரங்கூன்ல ஒரு தடவ, பிரதோஷத்தன்னைக்கி...” என்று ஆரம்பித்தார். கையைக் காற்றில் வீசி, ஜாடியை முகர்ந்து, மறுசோறு கேட்டவர்கள் ஒவ்வொருவர் குரலிலும் பேசி, கடைசிவரை சொல்லி முடித்தார். பெரியப்பச்சி சொல்லிக்கூட அந்தக் கதை அவ்வளவு நன்றாக இருந்ததில்லை.

சிரிப்புச் சத்தம் முகப்புவரை போயிருக்கிறது. பெரியப்பச்சி எழுந்து வந்து என்ன விசேஷம் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று மூன்று பேரும் சொன்னார்கள்.

மறுநாளிலிருந்து பழையபடி மூன்று அடுப்பும் தனித்தனியாக எரிந்தன. ஆனால் மத்தியானத்தில் மூன்று பேரும் தங்கள் சட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டாங்கட்டில் ஒன்றாக உட்கார்ந்தார்கள். இதில் வழக்கத்துக்கு விரோதமாக ஒன்றும் இல்லை. வேறு வைத்தது அடுப்பைத்தான். வாயை வேறு வைக்க வேண்டும் என்று எந்தப் பெரியவரும் சொல்லிவிட்டுப் போகவில்லை. மூத்தவரே யோசித்துப் பார்த்துவிட்டுச் செருமிக்கொண்டு போய்விட்டார்.

அடிபட்டவர் பெரியப்பச்சிதான். முன்பெல்லாம் நீலாயதாட்சி ஆச்சி தூணோரம் நின்று “ம்” என்றாவது சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது அவருக்கு உள்ளே ஆட்கள் காத்திருந்தார்கள். சோறு, குழம்பு, ரசம், மோர் எல்லாவற்றையும் ஒரே தடவையில் கொண்டுவந்து இலையைச் சுற்றி வைத்துவிட்டு, வேண்டியதை ஊற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். பெரியப்பச்சி இலைக்கு எதிரே உட்கார்ந்து, உள்ளே இருந்து வருகிற சிரிப்பைக் கேட்டுக்கொண்டே, தானே தனக்கு ரசம் ஊற்றிக்கொள்வார். ஊரெல்லாம் பந்தி தேடிய மனுஷர். அது கடைசியில் அவர் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. அதில் அவருக்கு மட்டும் இலை இல்லை. அந்த மாதம் ஊரில் ஒரு கல்யாணம் வந்தது. அவர் போகவில்லை. ஊரார் அவருக்கு உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்கள்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு இரண்டாங்கட்டு வாசலில் வந்து நின்றார். நாங்கள் பேச்சை நிறுத்தினோம்.

“என்ன தம்பி, வழி தவறி வந்துட்டீகளா?” என்றார் சோலையம்மாள் ஆச்சி.

“இல்ல... சும்மாதான். நானும் இங்குட்டு ஒரு ஓரமா உக்காந்துக்கிறேனே.”

மூன்று பேரும் சோற்றைப் பிசைந்தார்கள். அவர் நகரவில்லை. நீலாயதாட்சி ஆச்சி இலையிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னார்: “இங்குட்டு வாரவுக அவுகவுக சட்டியோடதான் வாராக. ஒங்க சட்டி எங்க?”

“ஒஞ்சட்டிதான எஞ்சட்டி?”

“ஒங்க பங்கை ஒங்க இலைக்கு அனுப்பியாச்சு. இது எம்பங்கு.”

சட்டப்படி இது சரி. அவர் அங்கேயே, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவ்வளவு பெரிய உடம்பு அந்த வாசலில் சிறியதாகத் தெரிந்தது. பெண்களில் சோலையம்மாள் ஆச்சிதான் மூத்தவர்; தீர்ப்பு அவர் வாயிலிருந்து வந்தது.

“அதுக்கென்ன, தம்பியவும் வேறு வச்சிருவோம். தைப்பூசம் நல்ல நாளு.”

நாங்கள் சிரித்தோம். பெரியப்பச்சி சிரிக்கவில்லை. “சரி” என்றார்.

தைப்பூசத்தன்று காலையில், புதிதாகக் கல்யாணமான பிள்ளைக்குச் செய்வதுபோல் அத்தனையும் செய்தார்கள். கிழக்கு முகமாக நிறுத்தி, மஞ்சள் தடவிய பானை ஒன்று, அகப்பை ஒன்று, படி அரிசி, ஒரு கட்டு விறகு எல்லாவற்றையும் சோலையம்மாள் ஆச்சி கையால் எடுத்துக் கொடுத்தார். நீலாயதாட்சி ஆச்சி சுவர் ஓரத்தில் மூன்று கல்லைக் கூட்டிவைத்து, இதுதான் இனி உங்கள் அடுப்பு என்றார். வேடிக்கை என்று நினைத்துத்தான் எல்லோரும் செய்தார்கள். பெரியப்பச்சி சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து விறகை ஊத ஆரம்பித்தபோதுதான் வேடிக்கை இல்லை என்று தெரிந்தது.

புகையைப் பார்த்து மூத்தவர் வந்தார். பொம்பிளைகள் இருக்கிற வீட்டில் ஆம்பிளை அடுப்பு ஊதுவதா, ஊர் என்ன சொல்லும் என்றார்.

“ரங்கூன்ல சமையக்காரன் ஆம்பளதாண்ணே. நம்ம வீட்டுக் கல்யாணத்துல பொங்கிப் போடுறவனும் ஆம்பளதான். அப்பல்லாம் ஊரு சாப்புட்டுட்டுத்தான போச்சு?” என்றார் பெரியப்பச்சி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. மூத்தவர் செருமினார். பிறகு தம் இலைக்குத் திரும்பிப் போனார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. தனியாகச் சாப்பிடுவது அவருக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது.

அன்று மத்தியானம் பெரியப்பச்சி கரி படிந்த சட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து வரிசையின் கடைசியில் உட்கார்ந்தார். அவர் வைத்ததும் மண்டிதான். மொச்சை வேகவில்லை, பரங்கிக்காய் இருந்த இடம் தெரியவில்லை. நாலு இலையிலும் அவரே பரிமாறினார். முதல் தடவையாக அவருடைய கை காற்றில் இல்லாமல் வேலையில் இருந்தது. பரிமாறிவிட்டு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார்.

சோலையம்மாள் ஆச்சி ஒரு வாய் வைத்தார். மென்றார். இன்னும் மென்றார்.

“தம்பி, இதுல என்ன புளி போட்டீக? ஒரு மாதிரியா இருக்கே.”

பெரியப்பச்சி இலையை விட்டுக் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

“ரங்கூன்ல ஒரு தடவ, பிரதோஷத்தன்னைக்கி...”

மூன்று பேருக்கும் வாயில் இருந்தது அப்படியே நின்றது. நீலாயதாட்சி ஆச்சி தம் இலையைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார், மறுபடியும் இலையைப் பார்த்தார். பிறகு நிதானமாக ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, “ம்” என்றார். ஒருவரும் இலையை மூடவில்லை. பெரியப்பச்சி கதையைச் சமையல்காரர் பிறந்த ஊரிலிருந்து ஆரம்பித்தார்.